விழுகிற பக்கம்

சனிக்கிழமைகளில் நான் கோல்ஃப் விளையாடப் போகிறேன் என்றுதான் இரண்டு கோடைகாலமாக என் மனைவி நம்பிக்கொண்டிருந்தாள். அது முழுப் பொய்யும் இல்லை. பந்து கோல்ஃப் பந்துதான். பச்சைப் புல், திறந்த வெளி, தூரத்தில் ஒரு சிவப்புக் கொடி எல்லாம் இருந்தன. பந்தை அடிக்க மட்டைக்குப் பதிலாகக் கரிமருந்து என்கிற வெடிமருந்தைப் பாவித்தோம் என்பதை மட்டும்தான் நான் சொல்லாமல் விட்டேன்.

டொரொண்டோவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓடினால் ஒரு வெள்ளைக்காரரின் பண்ணை வரும். ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் மெஷின் ஷொப்பில் சுப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவரும் அவரைப் போன்ற முப்பது பேரும் அங்கே கூடி, தாங்களே செய்த குட்டைப் பீரங்கிகளால் வானத்தை நோக்கிப் பந்து சுடுவார்கள். அடுப்பில் வைத்த பானை அளவு இரும்பு, வாயைக் கொஞ்சம் சரித்து மேலே திறந்துகொண்டு இருக்கும். மருந்தைப் போட்டு, பந்தை வைத்து, திரியைக் கொளுத்திவிட்டு விலகி நிற்க வேண்டும். இருநூறு யார்ட் தள்ளி நட்டிருக்கும் கொடிக்கு எவருடைய பந்து கிட்ட விழுகிறதோ அவர் வென்றார். நாங்கள் எதற்குப் பயந்து இந்த நாட்டுக்கு ஓடி வந்தோமோ, அதை இங்கே பெஞ்சன்காரர்கள் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருந்தார்கள்.

சுப்பர்வைசர் என்னிடம் லேத்தில் ஒரு இரும்புத் துண்டு கடைந்து தரச் சொல்லிக் கேட்டிருந்தார். எதற்கென்று கேட்டதற்கு, வந்து பார் என்றார். போனேன். முதல் வெடிக்கு நான் புல்லில் குப்புறக் கிடந்தேன். யோசித்துச் செய்ததல்ல. காது கேட்டது, உடம்பு விழுந்தது. எழும்பி முழங்காலைத் தட்டியபோது அங்கே ஒழுங்குகளைக் கவனிக்கும் மனிதர், புதிதாக வந்தவர்களில் இவ்வளவு பாதுகாப்பு உணர்வு உள்ள ஒருவரைத் தான் கண்டதில்லை என்று எல்லாருக்கும் சொன்னார். கை தட்டினார்கள். நானும் மரியாதைக்குத் தலையை ஆட்டி வைத்தேன். அந்த மனிதருக்கு மனதுக்குள் 'பொறுப்பாளர்' என்று பெயர் வைத்தேன். பொறுப்பாளர் இல்லாத அமைப்பை எங்கள் ஆட்களால் கற்பனை செய்ய முடியாது.

மூன்றாம் கிழமை என் திறமை வெளியே வந்தது. ஷெல் குழலை விட்டுக் கிளம்பும்போது குத்துகிற சத்தத்தைக் கேட்டே அது எங்கே விழும் என்று சொல்வது எனக்குப் பழக்கம். எங்கள் ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தான். "பத்தடி குறையும்" என்பேன், குறையும். "இடது பக்கம் போகும்" என்பேன், போகும். முப்பது கிழவர்களும் என்னை அதிசயமாகப் பார்த்தார்கள்.

"இராணுவத்தில் இருந்தாயா?" என்று சுப்பர்வைசர் கேட்டார்.

"இல்லை, மற்றப் பக்கம்."

"எதிரிப் பக்கமா?"

"இல்லை. விழுகிற பக்கம்" என்றேன். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

அதன் பிறகு நான் ஒரு கிழமையும் தவறவிடவில்லை. ஏன் என்று என்னையே கேட்டிருக்கிறேன். பதில் அவ்வளவு அழகானதல்ல. வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரி என் கையில் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பிடித்த அளவுக்கு வெட்கம் வந்திருந்தால் விட்டிருப்பேன்.

மனைவிக்குச் சொல்ல முடியாததற்குக் காரணம் அவளுடைய அண்ணை. அவரை ஷெல் கொண்டுபோனபோது அவளுக்குப் பதினாறு வயது. கனடா நாளுக்கு அக்கம்பக்கத்தில் வாணவேடிக்கை தொடங்கினால் இன்றைக்கும் அவள் பேஸ்மென்டுக்கு இறங்கி, உடுப்பு இல்லாத ட்ரையரைப் போட்டுவிட்டு அதன் இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். முப்பது வருடமாக நான் அவளுக்குச் செய்திருக்கும் உருப்படியான ஒரே காரியம், வீட்டுக்குள் வெடிச்சத்தம் வராமல் பார்த்துக்கொண்டதுதான். தொலைக்காட்சியில் சண்டைப் படம் வந்தால்கூட நான்தான் பாய்ந்து மாற்றுவேன். அப்படிப்பட்ட நான் சனிக்கிழமைகளில் என்ன செய்கிறேன் என்று தெரிந்தால் அவள் என்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள் என்பதுதான் என் பயம்.

என்னைக் காட்டிக்கொடுத்தது என் புத்திசாலித்தனம். கரிமருந்து மணம் உடுப்பில் ஏறும், அந்த மணத்தை அவள் மறந்திருக்க மாட்டாள். ஆகவே பண்ணையிலிருந்து வந்ததும் என் உடுப்பை நானே தோய்த்துப் போடத் தொடங்கினேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரு பெனியனைக்கூட அலசாத யாழ்ப்பாணத்து ஆம்பிளை, சனிக்கிழமை தவறாமல் உடுப்புத் தோய்த்தால் எந்தப் பெண்சாதி பேசாமல் இருப்பாள்? அதோடு யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் விழாவில், உண்மையாகவே கோல்ஃப் விளையாடும் ஒரு டாக்டர் என்னிடம் இருநூறு யார்ட் தூரத்துக்கு எத்தனை அடி எடுப்பேன் என்று விசாரித்தார். "ஒண்டுதான்" என்றேன். கொடிக்கு எவ்வளவு கிட்ட விழும் என்றார். "ரெண்டு அடி, மூண்டு அடி" என்றேன். அவர் கறி ரோலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவியும் பார்த்தாள்.

"வாற சனி நானும் வாறன்" என்றாள் காரில்.

"உமக்கு அலுப்படிக்கும்."

"பறவாயில்லை. பொம்பிளைப் பிரச்சினை எண்டு நினைக்க, உங்களுக்கு உவ்வளவு கெட்டித்தனம் இல்லை. வேறை என்னவோ. நான் பாக்கவேணும்."

அடுத்த சனி பண்ணைக்குப் போகிற வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாகனத்தைத் திருப்பவா என்றும் கேட்டேன். அவள் வேண்டாம் என்றாள்.

பண்ணையில் அவளுக்கு ஒரு கதிரையும் காதுக்கவசமும் கொடுத்தார்கள். சுப்பர்வைசரின் மனைவி தேநீர் ஊற்றிக் கொடுத்தார். முதல் வெடிக்கு அவள் கோப்பையிலிருந்த தேநீர் முழுவதும் மடியில் கொட்டியது. ஆனால் எழும்பவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். காதுக்கவசத்தைக் கழற்றினாள்.

"இது எங்கை போய் விழும்?"

"அங்கை, அந்தச் சிவப்புக் கொடியடிக்கு."

"அங்கை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. வெறும் வயல்."

சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். என் முறை வந்தது. நான் மருந்தை அளந்துகொண்டிருந்தபோது அவள் எழும்பியதைக் கண்டேன். கழிவறைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொடியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

பொறுப்பாளர் பெரிய குரலில் ஏதோ கத்தி, சுடுவதை நிறுத்தச் சொல்லும் பலகையை உயர்த்தினார். முப்பது பேரும் அந்தக் கணமே பீரங்கிகளை விட்டுப் பின்னால் போய், வெறுங்கையைத் தூக்கிக் காட்டியபடி நின்றார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

நான் அவளுக்குப் பின்னால் ஓடினேன். போய்ச் சேர மூச்சு வாங்கியது. அவள் கொடிக்குப் பக்கத்தில் நின்று, நாங்கள் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். என் பீரங்கி எனக்கு நேரே வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"வாரும் போவம்" என்றேன். "என்னிலைதான் பிழை. இனி வரமாட்டன்."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அவை ஏன் நிப்பாட்டினவை?"

"நீர் இஞ்ச நிக்கிறீரெல்லே. இந்தப் பக்கம் ஆள் நிண்டால் சுடக்கூடாது. அதுதான் இஞ்சத்தைச் சட்டம்."

"ஒரு ஆள் நிண்டாலுமோ?"

"ஓம். ஒரு ஆள் நிண்டாலும்."

அவள் அந்த முப்பது பேரையும் கனநேரம் பார்த்தாள். வெயிலில் கை உளைந்திருக்க வேண்டும், ஒருவரும் இறக்கவில்லை.

"அண்ணையோடை அண்டைக்கு எத்தினை பேர் நிண்டவை" என்றாள்.