கயிற்றின் கடைசி ஆள்

வாசல் கம்பத்தில் கட்டிய கயிறு விறைத்து நிற்கிறது. அதன் மறுமுனையில், முதுகு தரையைத் தொட்டுவிடுமோ என்னும்படி பின்னால் சாய்ந்து, குதிகால் இரண்டையும் மண்ணில் புதைத்துக்கொண்டு, தங்கை புத்தகம் படிக்கிறாள். கயிறு அக்குளுக்கடியில் நுழைந்து, முதுகில் குறுக்காக ஏறி, தோள் வழியே இறங்குகிறது. அதனால் ஒரு கை ஓய்வாக இருக்கும். அந்தக் கையில்தான் புத்தகம். பக்கம் புரட்டுவது கட்டைவிரலின் வேலை.

எதிர்வீட்டு மின்சாரக்காரர் சைக்கிளை நிறுத்தாமலே, "வீட்டைக் கொஞ்சம் கிழக்கால நகத்தி வைம்மா, எங்க ஜன்னலுக்கு வெளிச்சம் வரட்டும்" என்பார்.

"நாளைக்கு நகத்தறேண்ணே, இன்னைக்கு இந்தப் பாடம் முடியணும்" என்பாள் இவள், கண்ணை எடுக்காமல்.

எங்கள் நகரத்தில் இரண்டு பழைய பல்கலைக்கழகங்கள். ஒன்று மேட்டில், மற்றொன்று ஆற்றங்கரையில். எது மூத்தது என்பதில் தொடங்கி, எதன் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறது என்பது வரை சண்டை. ஆண்டுக்கொரு சனிக்கிழமை இரு பக்கத்தாரும் நேருக்கு நேர் மோதுவார்கள். காலையில் வாதம், மாலையில் கயிறு இழுப்பு. தங்கை ஆற்றுக்காரி. அங்கே ஆராய்ச்சி செய்கிறாள். பெண்கள் அணியில் எட்டாவதாக, கயிற்றின் கடைசியில் நிற்பவள் அவள்தான்.

சின்ன வயதில் மாமா அவளை 'மூட்டை' என்றுதான் கூப்பிடுவார். இப்போது ஆற்றங்கரை முழுக்க அவளுக்குப் பெயர் 'நங்கூரம்'. பெயர் மாறியது நூலகத்தில். பழைய அலமாரி ஒன்று சாய்ந்து எல்லாரும் ஓட, இவள் முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, மேல்தட்டில் பூச்சி பிடித்து வைத்திருக்கும் சீசாவை முதலில் எடுங்கள், ஆளை அப்புறம் பார்க்கலாம் என்றாளாம். அதைப் பார்த்த அணித் தலைவி அன்று மாலையே கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

அவள் படிப்பு அந்தப் பூச்சியைப் பற்றியது. பழைய புத்தகங்களை அரித்துத் தின்னும் பூச்சி. அது மேட்டு நூலகத்திலிருந்து வந்தது என்று ஆற்றுக்காரர்களும், ஆற்று ஈரத்தில் பிறந்தது என்று மேட்டுக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகச் சாதிக்கிறார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு தையல் இயந்திரத்துக்கு வந்தவள். எனக்குப் புரியும்படி அவள் சொன்னது ஒன்றுதான்: "பூச்சிக்கு ரெண்டு பக்கத்துப் புத்தகமும் ஒரே ருசிதான்க்கா." சொல்லும்போது நான் வைத்திருந்த துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, நூல் பிரிந்த இடத்தைச் சரியாகக் காட்டிவிட்டாள். அவளுக்குப் பார்வை அப்படி.

அவள் போடும் கயிற்றுச் சட்டை நான் தைத்தது. வெளியே கித்தான், உள்ளே பஞ்சு, கயிறு உராயும் வழியில் மட்டும் இரட்டைத் தையல். சீசன் முடிவில் பிரித்துப் பார்ப்பேன். மற்றவர்களுக்குத் தோளில் தேயும். இவளுக்கு முதுகில்தான் தேய்ந்திருக்கும். கையால் இழுப்பதில்லை, உடம்பால் நிற்கிறாள் என்று அதற்குப் பொருள்.

இந்த ஆண்டு போட்டிக்கு முந்தின வாரம் மேட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியது பூச்சித் துறைத் தலைவி. ஆசிரியை வேலை தருகிறோம், வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்துவிடு என்றார். மிகப் பழைய நூல்கள் இருப்பது மேட்டில்தான். அந்தக் கதவு திறக்காதா என்று தங்கை ஏங்கியது வீட்டுக்கே தெரியும். அம்மா உடனே அவளுக்கு நல்ல செருப்பு வாங்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டாள்.

அணித் தலைவி வந்து அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டாள். மேட்டில் சம்பளம் வாங்குபவர் ஆற்றுக்காகக் கயிறு பிடிக்க முடியாது. வெள்ளிக்கிழமை சேர்ந்தால் சனிக்கிழமை நங்கூரம் இல்லை. "ஆளைத் தூக்கறதுக்குத்தான் வேலை. வேற என்ன?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தங்கை சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தாள். என்னிடம் கேட்டாள்: "அவங்க கூப்பிடறது என் படிப்பையா, என் எடையையாக்கா? அது தெரியாம அந்த நாற்காலில எப்படி உக்கார்றது?"

கேட்டால் தெரிந்துவிடுமா என்றேன். நேராகக் கேட்டால் படிப்பு என்றுதானே சொல்வார்கள், வேறு மாதிரி கேட்கிறேன் என்று தொலைபேசியை எடுத்தாள். சனிக்கிழமை கயிறு பிடித்துவிட்டுத் திங்கட்கிழமை வருகிறேன், அதுவரை இடம் இருக்குமா என்று மட்டும் கேட்டாள். துறைத் தலைவி "பாக்கலாம்" என்று வைத்துவிட்டாராம்.

 அம்மா அடுப்படியிலிருந்தே, "கயிறா சோறு போடும்?" என்றாள். தங்கை தட்டை நீட்டி, இன்னொரு கரண்டி போடும்மா, எடை குறைந்துவிடப் போகிறது என்றாள். அம்மா போட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போட்டாள், ஆனால் இரண்டு கரண்டி.

சனிக்கிழமை காலை வாதத்தில் இவளை எதிர்த்துக் கேள்வி கேட்க எழுந்தவர் அதே துறைத் தலைவி. வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பூச்சியின் கால் வரை இறங்கிக் கேட்டார். இவள் குதிகாலை ஊன்றிக்கொண்டு, மேசைக்குப் பின்னாலும் அப்படித்தான் நிற்பாள், ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். பூச்சி இரு பக்கத்துக்கும் பொது என்று முடித்தபோது இரு பக்கத்தாரும் சேர்ந்து கூச்சலிட்டார்கள். அந்த மண்டபத்தில் அவர்கள் ஒன்றுபட்டதை அன்றுதான் பார்த்தேன். துறைத் தலைவி மட்டும் கூச்சலிடாமல் உட்கார்ந்திருந்தார்.

மாலையில் மழை பெய்து விட்டிருந்தது. முதல் இழுப்பு எங்களுக்கு, இரண்டாவது மேட்டுக்கு. மூன்றாவதில்தான் தீர்ப்பு. இங்கே விதி பழையது: கோட்டைத் தாண்டி இழுக்கப்பட்டவர் கயிற்றை விட்டுவிட வேண்டும், கடைசி ஆள் தாண்டும்வரை ஆட்டம் முடியாது. சேற்றில் எங்கள் முன்வரிசை வழுக்கியது. ஒருத்தி தாண்டினாள், அடுத்தவள் தாண்டினாள். எங்கள் அணித் தலைவியும் போய்விட்டாள். கடைசியில் அந்தப் பக்கம் எட்டுப் பேர், இந்தப் பக்கம் தங்கை.

கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது, ஏனென்றால் கயிறு நகரவில்லை. இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. அவள் கழுத்து நரம்பு எனக்கு வேலியோரத்திலிருந்தே தெரிந்தது. அதன்பின் குதிகால் சேற்றைப் பிளந்துகொண்டு நகரத் தொடங்கியது. உட்கார்ந்தாள், மல்லாந்தாள், கயிற்றை விடவில்லை. உழுத சால் மாதிரி ஒரு தடத்தைப் போட்டுக்கொண்டே கோட்டைத் தாண்டி மேட்டுக்காரர்களின் பக்கம் போய்ச் சேர்ந்தாள். தோற்றுவிட்டோம்.

எல்லாரும் கத்திக்கொண்டிருக்க, துறைத் தலைவி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சேற்றில் நடந்து அவளிடம் வந்தார். நானும் வேலியைக் குனிந்து கடந்து ஓடினேன்.

"திங்கக்கிழமைதானே வர்றேன்னு சொன்னே? ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டியே" என்றார் அவர்.

தங்கை படுத்தபடியே, மூச்சு வாங்க, "இடம் இருக்கா மேடம்?" என்றாள்.

"உனக்குத்தான் வெச்சிருக்கேன். காலைல நீ சொன்னதுல பாதியை நான் ஒத்துக்கலை. சண்டை போட எனக்கு ஆள் வேணும்."

அப்படிச் சொல்லிவிட்டு அவளைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். தங்கை அந்தக் கையைப் பார்த்தாள். தலையைத் திருப்பி, தன் பின்னால் கிடந்த சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள். கையை ஊன்றித் தானே எழுந்தாள். அவரை அப்படியே நிற்கவிட்டு, சேறு சொட்டச் சொட்ட நடந்து கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தாள். குதிகாலை ஊன்றிக்கொண்டாள். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, "திங்கக்கிழமை வர்றேன் மேடம்" என்று அங்கிருந்து கோட்டுக்கு மேலாகக் கையை நீட்டினாள்.