பழைய உடம்பின் துணிகள்

உடம்பு குறைந்தால் துணியை என்ன செய்வது என்று எந்த டாக்டரும் சொல்லித் தருவதில்லை. சோற்றைக் குறை, இனிப்பைத் தொடாதே, நட, இல்லாவிட்டால் முட்டு தேய்ந்துபோகும் என்று மட்டும் ஆயிரம் தடவை சொல்வார்கள். நான் கேட்டேன். கேட்காமல் என் பிழைப்பு நடக்காது. நான் அரசு பஸ்ஸில் கண்டக்டர். நாள் முழுக்க நின்றுகொண்டே சம்பாதிக்கிறவளுக்கு முட்டு போனால் வேலையும் போச்சு. டியூட்டிக்குப் போகுமுன் தினமும் குன்னத்துகால் ரோட்டில், இரண்டு பக்கமும் ரப்பர் மரம் நிற்கும் வழியில் நடந்தேன். மழை பெய்தால் குடையோடு நடந்தேன். ஒரு வருஷம் கழிந்தபோது முட்டுவலி ஓடிப்போயிருந்தது, சுகர் அடங்கியிருந்தது, அலமாரியில் இருந்த ஒரு துணிகூட எனக்குச் சேரவில்லை.

நைட்டிக்குள் இன்னொரு ஆளைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளலாம். சுரிதார் தோளில் நிற்காது. சீருடைக்கு இடுப்பில் ஊக்கு குத்தினால், அது பஸ் குலுங்குகிற குலுங்கலில் கழன்று என்னையே குத்தும். களியக்காவிளையில் எனக்கு எப்போதும் தைக்கிற தையல்காரரிடம் ஒரு கட்டு பிளவுஸ் கொண்டுபோனேன். அவர் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அக்கா, இதப் பிடிச்சுத் தச்சா கைக்குழி இடுப்புல வந்து நிக்கும். புதுசு தைக்குததாக்கும் நல்லது." கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பின்ன, என்ன சீக்காக்கும்?"

"ஒரு சீக்கும் இல்ல. நடந்து குறைச்சது."

"ஆ, ஆ," என்றார். நம்பவில்லை. அளவு எடுக்கும்போது டேப்பை இழுத்துப் பிடிக்கக்கூடப் பயந்தார், நான் அங்கேயே விழுந்துவிடுவேன் என்பதுபோல.

கேரள எல்லையான எங்கள் பக்கத்தில் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வரும். மெலிந்து நன்றாக இருக்கிறாய் என்ற பேச்சு மட்டும் இரண்டிலும் வராது. "ஷீணிச்சுப் போனியே" என்பார்கள். வாடிவிட்டாய், சீக்கு உன்னைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். பாறசாலையில் ஏறி நெய்யாற்றின்கரையில் இறங்குவதற்குள் தெரிந்தவர்கள் எல்லாரும் டிக்கெட் காசோடு இதையும் சேர்த்து நீட்டினார்கள். நான் தடியாக இருந்தபோது, கண்டக்டர் நின்றால் வழி அடைபட்டுவிடும் என்று சிரித்தவர்கள் யார்? இதே ஆட்கள்தான். அன்றைக்கு என் ஆரோக்கியத்தைப் பற்றி ஒருத்தருக்கும் கவலை இல்லை. படியேற மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேனே, அப்போது எங்கே போனது இந்தக் கரிசனம்? எரிச்சல் எரிச்சலாக வரும். சீருடையில் இருக்கிறோமே என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

துணிகளை வீட்டில் வைத்திருக்க எனக்கு மனமில்லை. கணவருடைய அக்கா பக்கத்து வீட்டில் இருக்கிறார், நான் மைனி என்று கூப்பிடுகிறவர். அவர் அலமாரிக்கு முன்னால் கை கட்டி நின்றுகொண்டு தீர்ப்பு சொன்னார்.

"எடுத்து வை பிள்ளே. ஒரு கிறிஸ்துமஸ் வந்தா போதும், பழையபடி ஆயிருவே."

அந்தப் பேச்சுக்காகவே கொடுத்துவிடவேண்டும் என்று முடிவு செய்தேன். சபையில் பெண்கள் சங்கம் முதியோர் இல்லத்துக்குத் துணி சேர்த்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்டு, மூட்டையாகக் கட்டி ஒரு சனிக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நைட்டி, சுரிதார், பிளவுஸ், பாவாடை எல்லாம். திரும்பி வரும்போது அவ்வளவு லேசாக இருந்தது.

எங்கள் ஊரில் ஒருத்தியின் துணி மொத்தமாக வீட்டைவிட்டுப் போவது ஒரே ஒரு சமயத்தில்தான். ஆள் போய்ச் சேர்ந்து, அடக்கம் முடிந்து, மகளோ மருமகளோ அலமாரியைத் திறக்கிற சமயத்தில். எனக்குத் தெரியாத வழக்கமா இது? மாமியார் போனபோது நானேதான் கட்டிக்கொடுத்தேன். ஆனால் மூட்டையைத் தலையில் வைத்து, வேர்க்க விறுவிறுக்க நடந்துவந்து கொடுக்கிற ஒருத்தியைப் பார்த்தும் அப்படியே நினைப்பார்கள் என்று நான் கனவிலும் எண்ணவில்லை.

மறுநாள் ஆராதனையில் போதகர், சரீர பெலவீனத்தோடு இருக்கிற நம் சகோதரிக்காக ஜெபிப்போம் என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. பெண்கள் பக்கத்தில் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. முதலில் எனக்குப் புரியவில்லை. யாருக்கோ என்று நானும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தேன். கண்ணைத் திறந்தால் பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் கூட்டம். ஆரஞ்சு, ரொட்டி, பிஸ்கட், சத்துமாவு டப்பா. சுகருக்குப் பயந்து எதையெல்லாம் விட்டேனோ, அதையெல்லாம் கொண்டுவந்து மேசையில் குவித்தார்கள். ஒருத்தி என் தலைமுடியை உற்றுப் பார்த்தாள்.

"முடி ஒண்ணும் கொழிஞ்சு விழல்லியே. இனியாக்கும் மருந்து ஏத்துதது, இல்லியா?"

"எனக்குக் கேன்சர் இல்ல," என்று கத்தினேன்.

"அப்பிடித்தான் மக்கா தைரியமா இருக்கணும்," என்று முதுகைத் தடவினாள். என்ன செய்ய? இல்லை என்று சொன்னால் தைரியம், பேசாமல் இருந்தால் விசனம். என் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து வாசல் கதவில் ஒட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் நாலு நாள் கத்திவிட்டு அடங்கியிருப்பேன். போகவில்லை. என் மகள் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே லேபில் வேலை பார்க்கும் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. காட்டாக்கடைப் பக்கம் வீடு, எங்களைப்போலவே பழைய சபைக் குடும்பம், வீட்டில் மலையாளம்தான். இரண்டு வீட்டிலும் சம்மதித்து, அவர்கள் முறைப்படி வந்து பார்க்கவேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் பையனின் அம்மா, பெண்ணின் அம்மைக்கு என்ன அசுகம், குடும்பத்தில் வேறு யாருக்காவது அது உண்டா என்று ஆள் விட்டுக் கேட்டார். மகள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். இந்தக் கல்யாணம் முடங்கினால் என் உடம்பால்தான் முடங்கியது என்று ஆகிவிடும்.

அவர்கள் வரவேண்டிய நாள் காலையில் மைனி ஒரு பையோடு வந்தார். திறந்தால் என் பழைய பிளவுஸும் பாவாடைகளும்! சபையில் மூட்டையைப் பிரிக்கும்போது கூட நின்று, பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டாராம்.

"உனக்குத் திரும்ப வேண்டிவரும்ணு எனக்குத் தெரியும். மூணு பாவாடை ஒண்ணுக்குமேல ஒண்ணாட்டு கெட்டு. உள்ள ரெண்டு பிளவுஸ் போட்டு மேல இதப் போடு. இடுப்புல பெரிய டவல ஒண்ணு சுத்தி வச்சா ஆருக்கும் தெரியாது. அவிய வந்து பாக்கும்போ நீ நல்ல சதையோட இருக்கணும்."

"மைனிக்குப் பைத்தியமா? நான் என்ன, ஜவுளிக்கடை பொம்மையா?"

"எனக்காச்சுட்டு சொல்லுதேனா? உனக்க மவளுக்காச்சுட்டு."

என் கணவர் முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முழுக்க அவர் காதில் விழுகிற தூரம்தான். ஜன்னல் வழியாக, "கேக்குதியளா உங்க அக்கா சொல்லுதத?" என்று கூப்பிட்டுக் கேட்டேன். அவர் அடுத்த ஷீட்டுக்கு நகர்ந்தார்.

சரி, மகள் இருக்கிறாளே என்று அவளைப் பார்த்தேன். நர்ஸ். சுகர் என்றால் என்ன, முட்டுத் தேய்மானம் என்றால் என்ன என்று எனக்கே படம் வரைந்து காட்டியவள். காலையில் நடக்க ஆரம்பித்தபோது ஷூ வாங்கிக்கொடுத்தவளும் அவள்தான். அத்தையை ஒரு போடு போடுவாள் என்று காத்திருந்தேன்.

"ஒரு மணிக்கூறு நேரந்தானே அம்மா," என்றாள் மகள். கண் கலங்கியிருந்தது. "எனக்காச்சுட்டு போடு."

அவளுக்காகப் போட்டேன். மைனி டவலை இறுக்கிச் சுற்றி ஊக்கு குத்திக்கொடுத்தார். கண்ணாடியில் பார்த்தபோது, ஒரு வருஷம் நடந்து நான் தொலைத்துவிட்டு வந்த அந்த ஆள் அப்படியே நின்றாள். அவளை எனக்குப் பிடிக்காமல் இல்லை. பாவம், எத்தனை வருஷம் என்னைச் சுமந்தாள். ஆனால் இப்படி டவலும் ஊக்கும் வைத்து அவளைக் கூட்டிக்கொண்டுவந்து நிறுத்தியது எனக்குத் தாங்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். பையன், அம்மா, அப்பா, ஒரு சித்தப்பா. நான் டீ கொடுத்தேன், முந்திரிக்கொத்து எடுத்து வைத்தேன். அத்தனை துணிக்குள் வேர்வை ஆறாக ஓடியது. பையனின் அம்மா என்னை மேலிருந்து கீழே அளந்தார். முகம் தெளிந்தது.

"அம்மைக்கு ஒரு குழப்பமும் இல்லல்லோ! ஆளுகள் வெறுதே ஒவ்வொண்ணு பறயும்," என்று, ஊர்வாய் சும்மா இருக்காது என்பதுபோலச் சிரித்தார். மைனி என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். அப்பாடா, முடிந்தது, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று நானும் மூச்சு விட்டேன்.

பிறகு அந்த அம்மா என் மகளின் பக்கம் திரும்பினார். அதே அளவெடுப்பு. என் மகள் என்னைப்போல, கொஞ்சம் பூசின உடம்பு. பையனுக்கு அது தெரியாததல்ல. தினமும் பார்க்கிறவன்தானே.

"மோளே, கல்யாணத்துக்கு முன்பு கொறச்சு தடி கொறைக்கணம், கேட்டோ. ஆல்பத்தில் என் மோன் மெலிஞ்சும் நீ தடிச்சும் இருந்தா சேராது."

சித்தப்பா சிரித்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண் மட்டும் ஓரமாகப் பையனிடம் போனது. பையன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். சேலை மடிப்புக்குள் கையை விட்டு ஊக்கைப் பிடுங்கி, அந்த டவலை உருவினேன். வரவில்லை, மைனி அவ்வளவு இறுக்கமாகச் சுற்றியிருந்தார். இழுத்தேன். நீளமாக வந்தது. அதைக் கொண்டுபோய் முந்திரிக்கொத்துத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டேன்.

"இதாக்கும் நீங்க பாத்த ஆரோக்கியம். இன்னும் உள்ள மூணு பாவாடை உண்டு, பாக்கணுமா? எனக்கு ஒரு சீக்கும் இல்ல. நான் நடந்து குறைச்ச உடம்பாக்கும் இது. மெலிஞ்சவ செத்துருவாண்ணு நீங்க பயந்தீய, அதுக்காச்சுட்டு என்னத் தடியாக்கி நிறுத்தியிருக்காவ. இப்ப எனக்க மவ மெலியணுமாக்கும். எந்த உடம்புதான் உங்களுக்கு வேணும்? ஒண்ணு சொல்லுங்க!"

தமிழில்தான் கத்தினேன். அவர்களுக்கு எல்லாம் புரிந்தது. பையனின் அம்மா எழுந்துவிட்டார். சித்தப்பா செருப்பைத் தேடினார். பையன் கடைசியாக எழுந்தான். வாசல்வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். கார் கிளம்பியது.

மைனி தலையில் அடித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்த தாய் என்று வழி நெடுக அவர் சொல்லிக்கொண்டு போனது கேட்டது. சொல்லட்டும். நான் அறைக்குள் போய் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டு, களியக்காவிளையில் புதிதாகத் தைத்த பிளவுஸைப் போட்டுக்கொண்டு வந்தேன். மகள் அடுக்களையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் திருப்பி ஏசத் தயாராகத்தான் போனேன். நீதானே போடச் சொன்னாய் என்று முதல் வார்த்தையை நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.

அவளுடைய போன் அடித்தது. அவன்தான். ஸ்பீக்கரில் போட்டாள். அம்மை பறஞ்சது பெரிசா எடுக்க வேண்டா, எல்லாம் சரியாகும் என்றான்.

"உனக்க அம்மை பறஞ்சத விடு," என்றாள் மகள், தமிழிலேயே. "நான் தடியா இருக்குதது உனக்குப் பிரச்சினையா? நீ என்ன சொல்லுதே?"

அந்தப் பக்கம் வண்டி ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. அவள் காத்திருந்தாள். சொல்லேன் எலே, ஒரு வார்த்தை சொல்லேன் என்று நானும் மனதுக்குள் அவனிடம் கெஞ்சிக்கொண்டு நின்றேன். இத்தனை கோபத்திலும் அந்தக் கல்யாணம் நடக்கவேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. கடைசியில் அவளே போனை வைத்தாள்.

"அவன் மிண்டல்லியே அம்மா," என்றாள். ஒரு வார்த்தை பேசவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "அங்க இருக்கும்போவும் மிண்டல்ல. இப்பவும் மிண்டல்ல."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கணவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். அந்த டவலை மடித்துக் கையில் வைத்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு அடங்கியிருந்தது எல்லாம் திரும்ப மேலே வந்தது.

"உனக்கு ஒரு நாளுல தெரிஞ்சுதே மக்கா," என்றேன், அவர் கேட்கட்டும் என்றே சத்தமாக. "உனக்க அப்பனும் இருபத்தேழு வருஷமாட்டு மிண்டாமத்தான் இருக்காரு."

மகள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பின்ன நீ என்ன செய்தே அம்மா? இத்தன வருஷமும்?"

"தின்னேன் மக்கா," என்றேன். "வேற என்ன செய்ய?"