ஏழு பேரும் ஒத்துக்கொண்ட நாலு நிமிஷம்

நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். கரமனையில் ஒரு மருந்துக்கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்று மாத்திரை எடுத்துக் கொடுத்தவன். கடையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு யூத தர்ம ஸ்தாபனத்தின் ஆட்சிக்குழுவில் உறுப்பினராக வரச்சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. என் மனைவி அதை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தாள்.

"ஏன்னா, நம்ம கோவில் கமிட்டிக்கே உங்களை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. அவா எதுக்குக் கூப்பிடறா?"

எனக்கும் அதே கேள்விதான். கொச்சிப் பக்கத்தில் பல தலைமுறையாக இருந்து, பிறகு வெளிநாடு போய்விட்ட சில யூதக் குடும்பங்கள் ஆரம்பித்த ஸ்தாபனம் அது. மலைப்பக்கத்து ஏழைகளுக்கு ஒரு மருத்துவ வண்டி ஓட்டுகிறார்கள். வண்டிக்கு வேண்டிய மருந்தெல்லாம் எங்கள் கடையில்தான் வாங்குவார்கள். அப்படித்தான் என்னைத் தெரியும். ஏழு பேர் கொண்ட குழுவில் ஒருவர் அவர்கள் சமூகத்தைச் சேராத உள்ளூர்க்காரராக இருக்கவேண்டும் என்று அவர்கள் சட்டதிட்டத்தில் இருக்கிறது. அந்த நாற்காலிதான் எனக்கு.

குழுவின் தலைவி ஒரு கண் டாக்டர். யூதப் பெண், என் மூத்த மகள் வயசு. டாக்டருக்குப் படிக்கும் காலத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்தவள். அதனால் மலையாளம் கலந்து தமிழ் பேசுவாள், என்னை மாமா என்பாள். அவளும் நானும் அவர்கள் சமூகத்து ரிட்டயர்ட் எஞ்சினியர் ஒருவரும் அவள் ஆஸ்பத்திரி மாடியறையில் உட்காருவோம். மற்ற நாலு பேரும் வெளிநாட்டிலிருந்து சுவரில் மாட்டிய திரையில் தெரிவார்கள்.

முதல் கூட்டத்தில் வருஷத்துக்கான தேதிகளைக் குறித்தார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், எந்த வேலையும் கிடையாது. பண்டிகை நாட்களிலும் கூடாது. அவள் தன் காலண்டரைப் பிரித்தாள். நான் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தேன். ஏகாதசியில் நான் பட்டினி இருப்பவன், அன்றைக்கு வேண்டாம் என்றேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் ஏகாதசி மாதிரி அவர்களுக்கு மாசமே சந்திரனை வைத்துத்தான். பஞ்சாங்கத்தில் சந்திர மாசக் கணக்கில் அதிக மாசம் வருகிற மாதிரி அவர்களுக்கும் சில வருஷங்களில் ஒரு மாசம் கூடுதலாக வருமாம். "மாமா, நம்மள் ஒரே சந்திரனைத்தான் நோக்கிட்டு இருக்கோம் கேட்டோ" என்றாள். அன்றோடு என் கூச்சம் பாதி போய்விட்டது.

மீதிப் பாதி போகாததற்குக் காரணம் அவர்களுடைய ஒரு வழக்கம். எந்த விஷயத்தையும் முடிவு செய்யுமுன் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் அபிப்பிராயம் சொல்லவேண்டும். பிறகு அவருக்கு முந்தியவர், அவருக்கும் முந்தியவர் என்று போய், தலைவி எல்லாருக்கும் கடைசியில் பேசுவாள். பெரியவர்கள் முதலில் சொல்லிவிட்டால் சின்னவர்கள் வாய் அடைந்துபோகும் என்று அவர்களுடைய பழங்கால நீதிமன்றத்திலேயே இப்படி ஒரு முறை உண்டாம். மற்றவர்கள் பேசும்போது தலைவி முகத்தைக் காட்டமாட்டாள். தலையைக் குனிந்து பேப்பரில் கட்டம் கட்டமாகக் கிறுக்கிக்கொண்டிருப்பாள்.

எனக்கு அது தண்டனையாக இருந்தது. பெரியவா சொன்னா பெருமாள் சொன்ன மாதிரி என்று வளர்ந்தவன் நான். வயசில் அவள் சின்னவள்தான், ஆனால் டாக்டர். படித்த ஆறு பேருக்கு முன்னால் நான் வாயைத் திறப்பதா? அதனால் ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் காகிதங்கள் வீட்டுக்கு வரும். எதை யார் எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். தலைவியின் குறிப்பு இருந்தால் அதில் உள்ளதையே என் அபிப்பிராயமாகச் சொல்லிவிடுவேன். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தக் கூட்டம் வந்தது. பொன்முடிப் பாதையில் மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களுக்குப் புதன்கிழமைதோறும் போகும் வண்டியை நிறுத்திவிடலாம் என்று தலைவி எழுதியிருந்தாள். வரவர அங்கே ஆள் வருவதில்லை, கடற்கரைப் பக்கம் வண்டியை அனுப்பினால் நிறையப் பேருக்குப் பிரயோஜனம் என்று காரணம் காட்டியிருந்தாள்.

"முதல்ல மாமா பறயணும்" என்றாள்.

"நிறுத்திடலாம்" என்றேன்.

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். கடைசியில் அவளும் சரி என்று சொல்லிப் பேனாவை மூடப்போனாள். அப்போது திரையில் மூலைக் கட்டத்திலிருந்த பெரியவர் இருமினார். குழுவிலேயே மூத்த உறுப்பினர் அவர். கொச்சியில் பிறந்து வாலிபத்தில் நாடு விட்டுப் போனவர். எண்பது தாண்டியவர்.

"மோளே, எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"நாலு."

"நாலு நிமிஷத்துல ஏழு யூதன் ஒரே அபிப்பிராயமா? நம்ம ரூம் மாறி வந்துட்டோமோ?"

"ஆறு யூதன். ஒரு சாமி" என்றார் எஞ்சினியர், என்னைக் காட்டி.

"அது இன்னும் மோசம். சாமியையும் நம்ம கூட்டத்துல சேர்த்துக் கெடுத்தாச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் பெரியவர் விடவில்லை. அந்தப் பழைய நீதிமன்றத்தில் குற்றவாளிக்கு எதிராக எல்லா நீதிபதிகளும் ஒருமுகமாகச் சொல்லிவிட்டால் அவனை விட்டுவிடுவார்களாம். அவன் பக்கத்தை ஒருவர்கூடத் தேடிப் பார்க்கவில்லை என்று அர்த்தமாம். "வண்டிக்காகப் பேச இங்கே ஒருத்தரும் இல்லை. இந்த முடிவு எனக்கு வேண்டாம்" என்றார்.

தலைவி அதைக் குறித்துக்கொண்டாள். விஷயம் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. இனிமேல் ஏழு பேரும் ஒரே பக்கம் சொன்னால் ஒரு மாசம் தள்ளி வைப்பது என்று அன்றே ஒரு விதியும் எழுதினார்கள். அதற்குள் ஒருவர் வண்டிக்காக வாதாடத் தயாராகவேண்டும்.

"மாமா செய்யணும்" என்றாள்.

"எனக்கு அப்படி அபிப்பிராயமே இல்லையேம்மா."

"மாமாவுக்கு என்ன அபிப்பிராயம்னு எனக்கு இன்னிவரை அறியாது. போய்த் தேடிட்டு வாங்கோ."

சுருக்கென்றது. என் உபாயம் அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

அடுத்த புதன்கிழமை காலையில் சந்தியாவந்தனம் பண்ணிவிட்டு, மனைவி கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தோடு வண்டியில் ஏறினேன். என்னோடு டிரைவரும் நர்ஸும். அடிவாரத்தில் வித்துராவில் டீ குடித்துவிட்டு மலை ஏறினோம். பத்தரைக்கு லயத்தை அடைந்தோம். மூன்றே பேர் வந்தார்கள். மூன்று பேரும் தடி ஊன்றி நடக்கும் வயசாளிகள். தலைவி எழுதியது சரிதான் என்று நினைத்தேன்.

"மத்தவா எல்லாம் எங்கே?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"சாரே, எல்லாரும் மேலே கொழுந்து பறிக்கறாங்க. ஒரு மணிக்கு எடை போட்டப்பறம்தான் இறங்குவாங்க. நம்மள் பன்னெண்டரைக்குப் போயிடணும். ரெண்டு மணிக்கு வித்துரால கிளினிக்."

"எப்பவும் இப்படித்தானா?"

"முன்னே காலைல வித்துரா, மத்தியானம் இவிடெ. போன வருஷம் உங்க போர்டு மீட்டிங்ல நேரம் மாத்தியதல்லே?"

எனக்கு நினைவு வந்தது. நான் சேர்ந்த புதிதில், சாயங்காலப் பனிமூட்டம் மூடுமுன் டிரைவர் மலை இறங்கட்டும் என்று நேரத்தை மாற்றினார்கள். அன்றைக்கும் முதலில் பேசியவன் நான். "சரி" என்று ஒரு சொல்.

பன்னிரண்டரைக்கு வண்டியைக் கிளப்பும்போது சரிவிலிருந்து ஒரு அம்மாள் ஓடிவந்தாள். ஐம்பது வயசிருக்கும். முதுகில் கூடை, அதில் பாதிக் கொழுந்து. திருநெல்வேலிப் பேச்சு.

"நிறுத்துங்கய்யா! கங்காணிகிட்ட கெஞ்சிட்டு வாரேன். சக்கரை மாத்திரை குடுங்க."

நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசமா வரலையே சேச்சி, மாத்திரை தீர்ந்திருக்குமே?" என்றாள்.

"தீரல. இந்தா இருக்கு" என்று மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே எல்லாம் பாதிப் பாதியாக உடைத்த மாத்திரை. "ஒரு மாசத்து மாத்திரைய ரெண்டு மாசம் ஓட்டுதேன். வித்துராவுக்குப் போனா ஒரு நாள் கூலி போயிருதுல்லா."

மாத்திரையைக் கையில் வாங்கினேன். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. அது நாள் பூராவும் வயிற்றில் மெல்ல மெல்லக் கரையவேண்டிய மாத்திரை. உடைத்துப் போட்டால் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பிறகு நாள் முழுக்க ஒன்றுமில்லை. கடையில் எத்தனை பேருக்கு இதை உடைக்காதீர்கள் என்று சொல்லிக் கொடுத்திருப்பேன்!

"இதை உடைக்கப்படாதும்மா. கண்ணு எப்படி இருக்கு?"

"சாயங்காலம் ஆனா மங்குது. அத விடுங்க. வண்டி இனிமே வராதுங்காகளே, நெசமாய்யா?"

நிறுத்திடலாம் என்று சொன்ன வாய் இதுதான். "எனக்குத் தெரியலை அம்மா. கேக்கறேன்" என்றேன். பாதி மாத்திரை ஒன்றை அவளிடம் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தயிர்சாதம் அன்று அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

நான் பொய் சொல்லாதவன் என்றுதான் இதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இன்னொருவர் அபிப்பிராயத்தை என்னுடையது என்று சொன்னதும் பொய்தானே. அதை ஒரு வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு ஏழைப் பெண்ணின் கண்ணில் போய் அது விழுந்திருக்கிறது. பிள்ளையார் சன்னிதியில் தோப்புக்கரணம் போட்டபோது ஒவ்வொன்றையும் அந்த ஒரு வருஷத்துக்காகவே போட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு எழுதிவைத்துக்கொண்டு போனேன். அதை மடித்து வைத்துவிட்டுப் பேசினேன்.

"போன மாசம் நான் சொன்னது என் அபிப்பிராயம் இல்லை. டாக்டரம்மா எழுதினதைத் திருப்பிச் சொன்னேன். மன்னிக்கணும். இன்னிக்குச் சொல்றதுதான் என்னோடது. வண்டியை நிறுத்த வேண்டாம், நேரத்தை மாத்துங்கோ. காலைல வித்துரா, ஒரு மணிக்கு மேலே லயம்." பாதி மாத்திரையை மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

அன்று கூட்டம் நாலு நிமிஷத்தில் முடியவில்லை. ஒன்றேகால் மணி நேரம் சத்தம். வளைவுப் பாதையில் சாயங்காலம் பனிமூட்டம் இறங்கினால் டிரைவர் கதி என்ன என்று எஞ்சினியர் சீறினார். திரையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பேசவிடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, நம்மால் சண்டை வந்துவிட்டதே என்று. பெரியவர் மட்டும் கல்யாணவீட்டில் உட்கார்ந்தவர் மாதிரி சந்தோஷமாக இருந்தார்.

தலைவி கடைசியில்தான் பேசினாள். மாத்திரையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "மாமா பறஞ்சது சத்தியம். நேரம் மாத்தினது என்னோட தப்பு. ஆனா கடற்கரையில பாதி மாத்திரைகூட இல்லாத ஆளுங்க இருக்காங்க. ஒரு வண்டிதானே உண்டு? நான் நிறுத்தறதுக்குத்தான் ஓட்டு."

வண்டி போகட்டும் என்று நாலு பேர், வேண்டாம் என்று மூன்று பேர். ஆறு மாசம் பார்த்துவிட்டு மறுபடி முடிவெடுப்பதாகத் தீர்மானம். தலைவி தோற்றுப்போனாள். மினிட்ஸ் புத்தகத்தில் "தலைவி எதிர்த்து ஓட்டளித்தார்" என்று எழுதச் சொன்னாள். அது எழுதி முடிவதற்குள் போனை எடுத்து, புதன்கிழமைக்குப் புது நேரத்தை டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் வந்து சொன்னேன். "கோவமா இருக்காளா அந்தப் பொண்ணு?" என்றாள் மனைவி. மறுநாள் சாயங்காலம் அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். "மாமி, மாமா என்னைத் தோற்பிச்சு, கேட்டோ" என்று சொல்லிச் சிரித்து, இரண்டாவது அடையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆறு மாசத்தில் லயத்தில் கூட்டம் சேர்ந்தது. கடற்கரைக்கும் ஒரு வழி செய்தாள். திங்கட்கிழமைகளில் தன் ஆஸ்பத்திரி வண்டியையே அனுப்பினாள். மறுபடி விஷயம் குழுவுக்கு வந்தது. அந்த வாரத்தோடு கெடு முடிகிறது. தீர்மானம் ஆகாவிட்டால் புதன்கிழமை வண்டி கிடையாது.

முதலில் நான், "வண்டி போகணும்" என்றேன். எஞ்சினியரும் அதையே சொன்னார். திரையில் மூன்று பேரும் அதையே சொன்னார்கள். பெரியவர் முறை வந்தது. போன தடவை வண்டிக்காகக் கட்சி கட்டியவர் அவர்.

"நான் எதிர்க்கிறேன்" என்றார்.

தலைவி கிறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "காரணம்?"

"காரணம் ஒண்ணும் இல்லை. நானும் ஆமான்னா மோளும் ஆமாம்பே. ஏழு பேரும் ஒத்துக்கிட்டா ஒரு மாசம் தள்ளி வைக்கணும். அந்தப் பெண்ணுக்கு அதுவரை மாத்திரை யார் கொடுப்பா, சாமியா?"

"அங்கிள், இது கள்ள ஓட்டு!"

"எழுதிக்கோ. ஆறு பேர் ஆதரவு, ஒருத்தர் எதிர்ப்பு."

அப்படியே எழுதினார்கள்.

புதன்கிழமை நானும் வண்டியில் போனேன். எடை போட்டு இறங்கிய பெண்கள் வரிசையில் நின்றார்கள். அந்த அம்மாள் முழு மாத்திரை அட்டையை வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். வண்டி இனிப் புதன்கிழமைதோறும் வரும் என்று சொன்னேன்.

"எல்லாரும் சரின்னாகளா ஐயா?"

"ஒருத்தர் மட்டும் வேண்டாம்னார்."

"யாருய்யா அந்தப் பாவி?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதே அம்மா. அவர் புண்ணியத்துலதான் இன்னிக்கு வண்டி வந்திருக்கு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பின்னால் வரிசை காத்திருந்தது. ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் முதலிலிருந்து விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தத் தாத்தாவுக்குச் சக்கரை இருக்கா?" என்றாள். தெரியாது என்றேன். "இருந்தா மாத்திரைய உடைக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.