கண்மணியின் சோற்றுப்பொதி

பேரனின் பள்ளிக்கூடச் சாப்பாட்டைப் பொதியாகக் கட்ட, மருமகள் வாழையிலையை அடுப்பில் வாட்டுகிறாள். அந்த வாசனை வந்தாலே எனக்குக் கண்மணியின் முகம் நினைவுக்கு வந்துவிடும்.

நான் படித்தது யுத்த காலத்தில், அரிசி லேசில் கிடைக்காது. எங்கள் வாவிக்கரைப் பள்ளிக்கூடத்தில் எல்லோருடைய சோற்றுப்பொதிகளும் ஒரே மரக்கிளையில் தொங்கும். என் வகுப்புக்காரி கண்மணியுடையதுதான் எப்போதும் பெரியது. அவள் மட்டும் தோணித்துறைக்குப் போய்த் தனியே சாப்பிடுவாள். நல்ல கறியைப் பங்கு தர மனமில்லை என்றே நினைத்தேன்.

ஒருநாள் அவளுடைய இடத்தில் என் பொதியைக் கட்டிவிட்டு, அவளுடையதை எடுத்துப் பிரித்தேன். இலைக்குள் இலை, அதற்குள்ளும் இலை. கடைசியில் அவித்த மரவள்ளிக்கிழங்கு இரண்டு துண்டு. ஏமாந்த கோபத்தில் கத்தினேன்.

"இஞ்ச பாருங்க, கண்மணி வெறும் இலையைச் சுத்திக்கொண்டு வாறாள்!"

எல்லோரும் சிரித்தார்கள். சத்தம் கேட்டுத் துறையிலிருந்து வந்த கண்மணியின் கையில் என் பொதி பிரிக்காமலே இருந்தது.

"இந்தா புள்ள, மாறி எடுத்திட்டன் போல. நான் தொடல்ல."

சிதறிக் கிடந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடித்துக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கு வரவில்லை.

"மாமி, ஒரு இலை போதும்தானே?" என்கிறாள் மருமகள்.

தலையாட்டுகிறேன். அன்று கண்மணி போன பிறகு, என் சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.