தவித்த வாய்க்குத் தண்ணீர் தராதவள்

மாரீஸ்வரிக்குக் கோபாலபுரம் சுற்றுவட்டாரத்தில் நல்ல பெயர் கிடையாது. கல்நெஞ்சுக்காரி என்பார்கள். தவித்த வாய்க்குத் தண்ணீர் தராதவள் என்பார்கள். இரண்டாவது குற்றச்சாட்டு முழுக்க உண்மை. அவளுக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான்.

மலைமேல் பள்ளிவாசல் என்கிற ஊர்ப் பக்கம், தேயிலை எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள். நர்ஸ் படிப்பு முடித்து மலையிறங்கி, எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தாள். செயற்கை மூச்சுக்காகத் தொண்டையில் போட்ட குழாயை எடுத்த நோயாளிகள் அவள் பொறுப்பு. நாள்கணக்கில் குழாய் கிடந்த தொண்டை, விழுங்குகிற வேலையை மறந்திருக்கும். அப்போது கொடுக்கிற தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். இதை அவள் எல்லோருக்கும் பொறுமையாகத்தான் சொல்வாள். ஆனால் மலைத் தமிழில் சொல்வாள். 'ங்க' போடாமல் சொன்னால் எங்கள் ஜனம் எதையும் காதில் வாங்காது.

சென்னிமலை எங்கள் ஊர்த் தென்னந்தோப்புக்காரர். களத்தில் பாய் விரித்துப் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்து, ஒரு வாரம் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தார். குழாயை எடுத்துச் சில மணி நேரம் கழித்து மாரீஸ்வரி அவரை நிமிர்த்தி உட்கார வைத்தாள். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். இருமினார். குரல் கொழகொழத்தது. உடனே ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, ஈரத்துணியால் அவர் வாயை மட்டும் துடைத்துவிட்டாள்.

மனைவி வள்ளியாத்தாளுக்கு மனசு தாங்கவில்லை. தன் அண்ணன் பழனிச்சாமிக்குப் போன் போட்டு அழுதாள்.

"ஏனுங்ணா, கொழாயக் கழட்டிப்போட்டாங்க. ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட உடமாட்டீங்கறாங்க."

பழனிச்சாமி ஊரில் விவரமானவர். அதாவது, பாதியைக் கேட்டதும் மீதியைத் தானே முடிவு செய்துகொள்பவர். குழாயைக் கழற்றினால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்றால் சந்தேகமே இல்லை. ஒரு வேன் நிறையச் சொந்தம் கிளம்பியது. பாட்டிலில் பால். துணி முடிச்சில் மாப்பிள்ளையின் தோப்பு மண். மண்ணாசை உள்ள உயிர் லேசில் பிரியாது, அந்த மண்ணையே கரைத்து வாயில் ஊற்றினால் நிம்மதியாகப் போய்ச்சேரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. போக வேண்டியவர் கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருந்ததை யாரும் ஒரு தடையாகவே நினைக்கவில்லை.

மாரீஸ்வரி வாசலிலேயே மறித்தாள்.

"பாலை உள்ள கொண்டு போகாதீய. ஐயா பொழச்சிட்டாக. இத ஊத்துனாத்தான் செத்துப்போவாக."

"பேச்சுல ஒரு மருவாதி இருக்குதா பாருங்க" என்றார் பழனிச்சாமி. 'பொழச்சிட்டாக' என்ற சொல் ஒருவர் காதிலும் விழவில்லை. இரண்டு பேருக்கு மேல் உள்ளே விடமாட்டோம் என்று காவலாளி சொன்னதும், வரிசைப்படி இரண்டிரண்டு பேராகப் போய் ஊற்றுவதென்று முடிவாயிற்று. கோயிலில்கூட எங்கள் ஆட்கள் இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

பக்கத்துப் படுக்கையில் மெஷின் கத்தியது. மாரீஸ்வரி அங்கே ஓடினாள். அந்த நேரத்தில் பழனிச்சாமி மண்ணைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு முந்தினார். அவர் பின்னால் பால் ஸ்பூனோடு வள்ளியாத்தாள். மண் தண்ணீரைப் பார்த்த சென்னிமலை, வேண்டாம் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"ஆசை அடங்குல பாரு" என்று சொல்லி, பழனிச்சாமி வாயில் ஊற்றினார்.

சென்னிமலைக்குப் புரையேறியது. உதடு நீலமானது. மாரீஸ்வரி ஓடிவந்து பழனிச்சாமியைத் தள்ளிவிட்டு, உறிஞ்சு குழாயை உள்ளே விட்டாள். உள்ளே போவது வெளியே தெரிகிற அந்தக் குழாய் வழியாகச் செம்மண் ஏறி வந்தது. வள்ளியாத்தாள் தன் கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தாள். அடுத்தது அவள் முறை. "நானே கொன்னிருப்பேனே" என்றாள். பாலை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு வந்து, புருஷன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நுரையீரலில் சீழ் பிடித்து, ஊசி மேல் ஊசி போட்டு, சென்னிமலை தேற இன்னும் நாளானது. பிறகு ஒருநாள் மாரீஸ்வரி கெட்டியான ராகிக் கூழை வள்ளியாத்தாளிடமே கொடுத்தாள்.

"ஐயா, தாடைய நெஞ்சோட ஒட்டி வச்சுக்கிட்டு முழுங்கும். யம்மா, தொண்டை ஏறி எறங்குதான்னு பாத்துட்டு அடுத்த ஸ்பூன் குடு."

தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை.

"ஏதாச்சும் பேசும், கொரலைப் பாப்போம்."

"உப்புப் பத்துல" என்றார் சென்னிமலை.

வள்ளியாத்தாள் சிரித்துக்கொண்டே அழுதாள். பார்க்க வந்து வாசலில் நின்ற பழனிச்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

"நாஞ் சொல்லுல? மண்ணு உள்ள போனதுக்கப்பறந்தான் உசுரு நெலச்சுது!"

வள்ளியாத்தாள் திரும்பிப் பார்க்காமல் அடுத்த ஸ்பூனை எடுத்தாள்.

"ஏனுங்ணா, மண்ணு மிச்சம் இருக்குதுங்களா?"

"இருக்குது கண்ணு."

"பத்தரமா வெச்சுக்குங்க. உங்க வாயில ஊத்தறப்ப, நீங்க எத்தன தலையாட்டுனாலும் நான் உடமாட்டேன்."