பன்னிரண்டு அடி கேபிள்

எண்பதுகளின் கடைசியில் நானும் மனைவியும் ஸ்ட்ரெதமில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையிலும் அதை ஒட்டிய சின்னக் குசினியிலுமாகக் குடியிருந்தோம். கலியாணம் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகுதான் அவளுக்கு விசா கிடைத்தது. வந்து இறங்கியபோது பெட்டியில் சேலைகளுக்கு நடுவே ஒரு சின்ன இசைத்தட்டு இருந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் கொழும்புக்குக் கூட்டிப்போய்ப் பதிவு செய்தார்களாம். ஒரு பக்கம் முழுக்க அவள் தனியாகப் பாடிய முருகன் பாட்டு. வீட்டில் பிளேயர் இல்லாததால் அதை அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"எனக்கு ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ" என்று வந்த அன்றே கேட்டாள்.

கேட்கவேண்டிய ஆளிடம்தான் கேட்டாள். எனக்கு டெலிவிஷன் திருத்தும் வேலை. பழைய பிளேயர் ஒன்றை வாங்கி, அதற்குப் புதிய கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி பொருத்தியிருக்கும் அந்தச் சின்னத் துண்டு, போட்டிருந்தேன். ஊசி எழுப்பும் மின்சாரம் மிகச் சிறியது. அம்பிளிபயருக்குள் அதைப் பெரிதாக்கும் பிரீ-அம்ப் அதற்கு ஏற்ற சுமையைக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் சத்தம் கெட்டுவிடும். வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் இதை வகுப்பெடுப்பேன். அந்தச் சுமை நாற்பத்தேழாயிரம் ஓம் என்று கார்ட்ரிட்ஜ் வந்த பெட்டிக்குள் இருந்த தாளில் போட்டிருந்தது. மீற்றரை வைத்து அளந்தேன், அச்சொட்டாக இருந்தது.

ஆனால் பிளேயரை எங்கே வைப்பது? இசைத்தட்டு எங்களுக்குச் சரஸ்வதி. நிலத்தில் வைத்தால் கால் பட்டுவிடும். அறையில் மேசை கிடையாது. ஆகவே பிளேயர் அலுமாரிக்கு மேலே ஏறியது. அம்பிளிபயரோ கனமானது, அதற்குத் தெய்வாம்சம் எதுவும் இல்லையென்று ஜன்னலடியில் நிலத்திலேயே விட்டேன். இரண்டுக்கும் நடுவே சுவரோரமாகப் பன்னிரண்டு அடி கேபிள் ஓடியது. இரைச்சல் வராதிருக்கத் தடித்த கேபிளாகப் பார்த்து வாங்கி, நானே பற்றவைத்தது. அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

கதிரையில் ஏறி நின்று ஊசியை வைத்தேன். குரல் கிறீச்சென்று வந்தது. 'ச' வரும் இடமெல்லாம் காதைக் குத்தியது. தகரத்தைச் சுரண்டுவதுபோல இருந்தது.

"இது என்ரை குரல் இல்லை" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "பிளேயர் செற் சரி. நான் அளந்து பார்த்தனான். உம்மடை குரல் அப்ப இப்பிடித்தான் இருந்திருக்கும்" என்றேன்.

அவள் தட்டை உறைக்குள் போட்டுச் சேலைகளுக்குள் வைத்தாள். விம்பிள்டன் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் தேவாரம் பாட ஒத்துக்கொண்டிருந்தவள், அந்த வாரமே தெருமுனை டெலிபோன் பெட்டிக்குப் போய்த் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாள். சமைக்கும்போது முணுமுணுப்பதும் நின்றுபோனது. அந்த அமைதிதான் என்னை இருக்கவிடவில்லை.

செற் சரி என்று சொன்ன வாய் சொன்னதுதான், கை மட்டும் சும்மா இருக்கவில்லை. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து ஊசியை மாற்றினேன், அது தட்டை அழுத்தும் பாரத்தைக் கூட்டிக் குறைத்தேன். ஒன்றும் சரிவரவில்லை. சோற்றில் கை வைத்தபடியே எழும்பிப் போய் அலுமாரியை அண்ணாந்து பார்ப்பேன். "ஒரு இடத்திலை இருங்கோவன்" என்பாள். பஸ்ஸில் இரண்டு தரிப்பு முன்னதாகவே இறங்கி நடப்பேன். திருவிழாவன்று வேறொரு பெண் பாடினாள். நான் செருப்பு வைக்கும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவள் பெண்கள் பக்கம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் ஒரு சனிக்கிழமை அலுமாரித் தூசியைத் தட்டும்போது அந்தத் தாள் மறுபடி கையில் பட்டது. நாற்பத்தேழாயிரத்துக்குக் கீழே இன்னொரு வரி. கப்பாசிட்டன்ஸ் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது, கேபிளையும் சேர்த்து. நீளமான கேபிள் மின்சாரத்தைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கும் என்பதும், அது கூடினால் கூர்மையான சத்தங்கள் துருத்திக்கொண்டு நிற்கும் என்பதும் எனக்குத் தெரியாத விஷயமா? முதல் வரியோடு எல்லாம் தெரிந்தவனாகிவிட்டேன். திங்கட்கிழமை கேபிளைக் கழற்றி வேலைக்குக் கொண்டுபோய் அளந்தேன். அனுமதித்ததைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது.

அன்று மாலையே இரண்டடிக் கேபிள் செய்தேன். பால்காரனின் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, தோய்த்துக் காயவைத்த துவாயை விரித்து, பிளேயரை அம்பிளிபயருக்குப் பக்கத்தில் இறக்கினேன். கால் பட்டால் தொட்டுக் கும்பிட்டுக்கொள்ளலாம்.

பாட்டு வந்தது. கொஞ்சம் பயந்த, ஆனால் உருண்டு திரண்ட ஒரு சின்னப் பெண்ணின் குரல். எனக்குக் கண் கலங்கியது. அவள் குசினியிலிருந்து அகப்பையோடு வந்து, முடியும்வரை வாசலில் நின்றாள்.

"கேபிள்தான் பிழை. உம்மடை குரலிலை ஒண்டும் இல்லை."

"எனக்கு அண்டைக்கே தெரியும். ஆனால் நீங்கள் அளந்தனான் எண்டு சொன்னபடியால் நம்பினன்."

வெட்கமாக இருந்தது. பிழைதான், மன்னித்துக்கொள்ளும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானோ கப்பாசிட்டன்ஸ் என்றால் என்னவென்று விளக்கத் தொடங்கினேன். கறி அடிப்பிடிக்கிறது என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வருடம் எங்கள் அறைக்கு டெலிபோன் வந்துவிட்டது. கோயிலிலிருந்து மறுபடி கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "பொறுங்கோ, இவரைக் கேட்டுச் சொல்லுறன்" என்றாள். "இவர்தான் என்ரை குரலை அளக்கிறவர்."

"பாடுவா, பாடுவா" என்று டெலிபோனுக்குக் கேட்கும்படி கத்தினேன். அவள் சிரிக்கவில்லை.