சித்தப்பா மனப்பாடம் செய்த பேச்சு

நாம் குடியிருக்கும் காம்பிராவின் கதவு மூடியிருந்தால் உங்கள் சித்தப்பா அதைத் திறக்க மாட்டார். உள்ளே இருந்தால் உள்ளேயே நிற்பார், வெளியே இருந்தால் வெளியே. தாழ்ப்பாள் போட்டிருக்காது, கையால் தள்ளினால் போதும். ஆனாலும் தள்ள மாட்டார். யாராவது வந்து திறக்கும்வரை கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

சின்ன வயதில் நீயும் தம்பியும் அதை விளையாட்டாக்கி வைத்திருந்தீர்கள். தம்பி ஓடிப்போய்க் கதவைச் சாத்துவான். நீ ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னும் நிக்கிறாரு, இன்னும் நிக்கிறாரு" என்று சிரிப்பாய். ஒருநாள் அதற்காக ரெண்டு பேரையும் அடித்தேன். ஏன் அடித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது சித்தப்பாவின் விருப்பம்.

"அதுங்க சின்னப் பிள்ளைங்கண்ணே, பயந்து போகும். கொழும்புல கடையில இருந்தேன்னு சொல்லிருங்க."

கொழும்பில் கடையில் இருந்தது பொய் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாங்கள் சொல்லவில்லை. இப்போது உனக்குப் பாதி தெரிந்துவிட்டது. தம்பிக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன். எனக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை. பிழை இருந்தால் நீ திருத்திக்கொள்.

ரெண்டு அரசாங்கமும் தேயிலைத் தோட்டத்து நம் ஆட்களை இந்தியாவுக்கு இத்தனை பேர், இலங்கைக்கு இத்தனை பேர் என்று பங்கு போட்ட காலத்தில், என் அப்பாவின் மனு எந்தப் பக்கமும் சேராமல் நின்றுபோனது. அவர் எந்த நாட்டுக்காரரும் ஆகாமலே செத்தார். சித்தப்பா பிறந்தது இதே லயத்து வரிசை வீட்டில். பிறப்பை யாரும் பதியவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் அடையாள அட்டையும் எடுக்க முடியவில்லை. தோட்டத்துக்குள் இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. கொழும்புக்கு வேலைக்குப் போனபோதுதான் தெரிந்தது.

யுத்த காலம். கடைப் பையன்கள் தங்கியிருந்த இடத்தை ஒருநாள் விடியற்காலையில் பொலிஸ்காரர்கள் சுற்றி வளைத்தார்கள். அட்டை காட்டியவர்கள் திரும்பி வந்தார்கள். இவர் வரவில்லை. தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், வட்டகொடைப் பக்கம் தோட்டத்து ஆள் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு என்ன சாட்சி என்று கேட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்தவன் அதற்குச் சாட்சியாக எதைக் காட்டுவான்? தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்ட தழும்பு அவருடைய இடது கையில் நீளமாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைக் காட்டியிருக்கிறார். தோட்ட வேலை செய்தவன் என்று அதைப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பியிருக்கிறார். அவர்கள் அதைச் சண்டையில் பட்ட காயம் என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு அவருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் ஒரு வாக்குமூலம் வந்தது. அதன் கீழே அவருடைய கையெழுத்து. அதற்கப்புறம் வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. போனபோது மீசை அரும்பியிருந்தது. வழக்குப் போட எதுவும் இல்லை என்று விட்டபோது தலையில் நரை விழுந்திருந்தது. நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். சிறைக் கதவைத் தாண்டிய பிறகு, முதல் பஸ்ஸில் ஏறுமுன், "ஏறட்டுமாண்ணே?" என்று என்னிடம் கேட்டார்.

பிறகு அலைந்து திரிந்து அட்டை எடுத்துக் கொடுத்தோம். அதை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். பீலித் தண்ணிக்குக் குளிக்கப் போனாலும் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் அது இருக்கும். அட்டை கிடைத்த பிறகும் தோட்டத்து மாரியம்மன் கோயிலைத் தாண்டி அவர் எங்கேயும் போனதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் உன் பள்ளிக்கூடத்தில் விவாதப் போட்டி வந்தது. "நாட்டின் பாதுகாப்பா, தனிமனித சுதந்திரமா?" என்பது தலைப்பு. உனக்குப் பாதுகாப்புப் பக்கம்.

"வேற பக்கம் கேட்டுப் பாரேம்மா" என்றேன்.

"டீச்சர் சீட்டுக் குலுக்கிப் போட்டாங்கப்பா. மாத்த மாட்டாங்க. ஏன், இந்தப் பக்கத்துக்கு என்ன?"

அடுப்படியில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "விடுங்கண்ணே, பிள்ளை பேசட்டும்" என்றார்.

நானும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவோம். நீ பேசிப் பழகும்போது கேட்பதற்கு வீட்டில் சித்தப்பா மட்டும்தான். நீ கட்டில் ஓரத்தை மேடையாக்கி நின்று பேசுவாய். அவர் அடுப்புப் பக்கம் இருந்து கேட்பார். நான் வேலை முடிந்து வரும்போது வாசலிலேயே உன் குரல் கேட்கும். "குற்றமற்ற ஒருவர் சில காலம் சிறையில் இருந்தாலும், அதனால் ஆயிரம் உயிர்கள் காக்கப்படுமானால், அது நாட்டுக்குச் செய்யும் தியாகமே!" அந்த இடத்தில் வலது கையை உயர்த்துவாய். எனக்கு உள்ளே வரக் கால் வராது. சித்தப்பா சொல்வார்: "இன்னொரு தடவ சொல்லும்மா. கடைசியில மூச்சு வாங்குது."

அந்த நாட்களில் டீவிச் செய்தியிலும் அதே பேச்சுத்தான். சித்தப்பாவை உள்ளே வைத்த பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை எடுப்பதா, வைத்திருப்பதா, புதிதாக ஒன்றைக் கொண்டுவருவதா என்று பெரிய ஆட்கள் மாறி மாறிப் பேசினார்கள். பக்கத்துக் காம்பிரா மாமா நம் வீட்டில்தான் செய்தி பார்ப்பார். ஒருநாள் உன் பேச்சையும் கேட்டுவிட்டு, "பாப்பா சொல்றதுதான் சரி. சட்டத்த எடுத்தா மறுபடியும் குண்டு வெடிக்கும். தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்றார்.

சொன்ன பிறகுதான் அடுப்படியில் யார் இருப்பது என்று அவருக்கு ஞாபகம் வந்தது. சித்தப்பா எழுந்து வந்து பிளேன்டீக் கோப்பையை அவர் கையில் கொடுத்தார்.

"சீனி போதுமாண்ணே?"

"போதும், போதும்" என்றார் மாமா. அன்றைக்குச் செய்தி முடியும்வரை அவர் இருக்கவில்லை.

போட்டியன்று சித்தப்பா குளித்து, தேய்த்த சட்டை போட்டு, நமக்கு முன்னாலேயே தயாராக நின்றார். என்னால் நம்ப முடியவில்லை.

"நான்தானே ஜட்ஜு. நான் இல்லாம எப்படி?" என்றார்.

நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலைத் தாண்டி நடந்தாய். உன் பள்ளிக்கூடம் இருக்கிற லிந்துலை வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு தோட்டமாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். பல வருஷமாக அவர் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை. இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட எனக்குத் தோன்றியது.

பள்ளிக்கூட வாசலில் பொலிஸ் நின்றது. பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்பதால் எல்லோருடைய பையையும் திறந்து பார்த்தார்கள். மற்றவர்கள் பையை நீட்டிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நம் முறை வந்தது. அந்தப் பொலிஸ்காரப் பையனுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். "அயிடென்டி" என்றான், அவ்வளவுதான்.

சித்தப்பா அட்டையை எடுத்துக் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். பிறகு மதில் பக்கம் திரும்பி, ரெண்டு கைகளையும் மேலே தூக்கிச் சுவரில் வைத்து, கால்களை அகட்டி, நெற்றியைச் சுவரோடு ஒட்டி நின்றார்.

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பொலிஸ்காரப் பையன்தான் பதறிப்போனான். "வேணாம் அங்கிள், வேணாம், திரும்புங்க" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தான். சித்தப்பா திரும்பவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டு, "போகலாம்" என்று சொன்ன பிறகுதான் கையை இறக்கினார்.

நீ சிரிக்கவில்லை. மண்டபத்துப் பின்பக்கம் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாய்.

"சித்தப்பா ஏன் அப்படிச் செஞ்சாரு?"

"உள்ள இருந்தாரும்மா."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. அட்டை இல்லாததுக்கு."

"எவ்வளவு நாள்?"

நான் பதில் சொல்லுமுன் உன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நீ நன்றாகத்தான் பேசினாய். முன் வரிசையில் சித்தப்பா உன் கூடவே உதடு அசைத்துக்கொண்டிருந்தார். "குற்றமற்ற ஒருவர்" என்றாய். கை பாதி உயர்ந்தது. அங்கேயே நின்றாய். மண்டபம் முழுக்க உன்னைப் பார்த்தது. டீச்சர் ஓரத்தில் நின்று அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார். நீ அதை வாங்கிக்கொள்ளவில்லை. கையை இறக்கி, அதைத் தாண்டி, முடிவுரைக்குப் போய்விட்டாய். வெற்றி எதிர் அணிக்குப் போனது. "மனப்பாடம் இல்லன்னா முதல்லயே சொல்லிருக்கலாமேடி" என்று உன் கூட்டாளிப் பிள்ளை கேட்டது என் காதிலும் விழுந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். வட்டகொடைக்கு இறங்கப் போகும்போது சித்தப்பா மெதுவாக, உன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பின் சீட்டில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"குற்றமற்ற ஒருவர் சில காலம் சிறையில் இருந்தாலும்... இதான்மா நீ விட்ட இடம். நான் மனப்பாடமா வச்சிருந்தேன். நீ நிறுத்தினதும் எழும்பிச் சொல்லிருவோமான்னு இருந்துச்சு."

நீ அழுதாய். "உங்களுக்குக் கோவமே இல்லையா சித்தப்பா?"

"யாருகிட்டம்மா கோவப்படுறது? நல்ல பேச்சுத்தான். எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க." அப்புறம் சொன்னார்: "அந்த 'சில காலம்'ங்கிற இடத்த மட்டும் நீ வேகமாச் சொல்லிர்றே. அத கொஞ்சம் மெதுவாச் சொல்லணும். அது நீளம்."

லயத்துக்கு வந்தபோது பனி இறங்கியிருந்தது. குளிருக்கு அம்மா கதவைச் சாத்தி வைத்திருந்தாள். சித்தப்பா கதவு முன்னால் போய், கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஓடிப்போய் நீ திறப்பாய் என்று நினைத்தேன். நீ அவர் பக்கத்தில் போய், அவரைப் போலவே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாய். உங்கள் ரெண்டு பேரையும் தாண்டிக் கதவைத் தள்ள எனக்கும் கை வரவில்லை.

கடைசியில் அம்மா உள்ளேயிருந்து திறந்தாள். "என்னத்துக்கு மூணு பேரும் இந்தக் குளிருக்குள்ள வெளிய நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.